சென்சஸ் மெடலும் அந்த ஃப்ரேமுக்குள்ளதான் வரணும்

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸாப் குரூப்ல ஒரு செய்தி வந்துச்சு. படிச்சதுல இருந்து மனசு ஆறவே இல்லை. இங்கே கொட்டிடறேன்.

வேலூர் பக்கம் எங்க அம்மாவோட ஊர். தாத்தா வீட்டை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டியிருக்காங்க, தை மாசம் கிரகப்பிரவேசம். ஹாலுக்குள்ள நுழைஞ்சதும் தெரியுற சுவர்ல ஒரு பெரிய ஃப்ரேம் மாட்டி, வீட்ல இருக்குற மெடலை எல்லாம் அதுல வைக்கலாம்னு பெரிய மாமா பையன் எழுதியிருந்தான். அருமையான யோசனை. அந்த வீட்டுக்காக ஓடியாடி எல்லாம் செய்யுறவன் அவன்தான். அவனைக் குறை சொல்ல வரலை.

ஆனா கீழே ஒரு பட்டியல் போட்டிருந்தான். தாத்தாவோட பர்மா மெடல்கள். பெரிய மாமாவோட ராணுவ மெடல்கள். நடுவுல, பெருசா, சின்ன மாமாவோட போலீஸ் வீரப் பதக்கம். அவ்ளோதான்.

பெரியம்மாவோடது எங்கடா?

"அது சென்சஸுக்குக் குடுத்ததுக்கா. டீச்சர் வேலைல வந்தது. வீரத்துக்குக் குடுத்ததை மட்டும் வைப்போம்னு பாத்தேன்."

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. குரூப்ல சண்டை போட வேணாம்னு போனை வச்சுட்டேன். பெரியம்மாவும் அதே குரூப்லதான் இருக்காங்க. படிச்சிருப்பாங்க. ஒண்ணும் சொல்லலை. (எண்பது தாண்டியாச்சு, ஆனா எல்லா மெசேஜும் படிச்சுடுவாங்க.)

முதல்ல ஒரு விஷயம். "வீரத்துக்குக் குடுத்தது மட்டும்"னு கணக்கு வச்சா, அந்த ஃப்ரேம்ல ஒரே ஒரு மெடல்தான் நிக்கும். சின்ன மாமாவோடது. மத்தது எதுவுமே அந்தக் கணக்குல வராது. தாத்தாவோட பர்மா ஸ்டார் கூட வராது! போர்ல ஒரு குறிப்பிட்ட இடத்துல, குறிப்பிட்ட காலத்துல இருந்தவங்க எல்லாருக்கும் கொடுக்குறது ஒரு வகை. இத்தனை வருஷம் ஒழுங்கா வேலை பார்த்தாங்கன்னு கொடுக்குறது இன்னொரு வகை. ஒரு நாள், ஒரு இடத்துல, உயிரைப் பத்தி நினைக்காம ஒருத்தர் செஞ்ச காரியத்துக்குன்னு தனியா கொடுக்குறது மூணாவது. நம்ம வீடுகள்ல மூணையும் ஒண்ணாப் போட்டு "தாத்தா வீரத்துக்கு வாங்கினது"ன்னு சொல்லிப் பழகிட்டோம். தாத்தாவுக்கு அதுல பெருமைக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. சும்மா போயிட்டு வர்ற இடமா பர்மா?

சரி, வீட்டு மெடலெல்லாம் இருக்குற டப்பாவைத் திறந்து காட்டறேன்.

எங்க பக்கம் ஊருக்கு ஊர் மிலிட்டரி வீடு இருக்கும். கம்மவான்பேட்டைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதுக்கு ராணுவப்பேட்டைன்னே பேர் விழுந்துடுச்சு. எங்க தாத்தா மெட்ராஸ் சேப்பர்ஸ். பெங்களூர்ல சேர்ந்து, அங்கிருந்து பர்மா. சேப்பர்ஸ்னா பாலம் கட்டுறது, ரோடு போடுறது, கண்ணிவெடி எடுக்குறது. மத்த பட்டாளம் நடந்து போறதுக்கு முன்னாடி இவங்க போயிருக்கணும். அந்தப் படையில இருக்குறவங்களை ராணுவம் முழுக்க "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாங்களாம். எழுபது வயசுலயும் பழைய கூட்டாளி கடிதம் எழுதினா, தாத்தாவுக்கு "டியர் தம்பி"ன்னுதான் வரும்.

அவரோடது மொத்தம் நாலு. 1939-45 ஸ்டார். பர்மா ஸ்டார். ரெண்டும் ஆறு முனை நட்சத்திரம், மஞ்சளா இருக்கும், நடுவுல கிரீடமும் ஆறாம் ஜார்ஜோட எழுத்தும். அப்புறம் வார் மெடல். அது வட்டம், நிக்கல் கலர், பின்பக்கம் ரெட்டைத்தலை டிராகன் மேல ஒரு சிங்கம் நிக்கும். ரிப்பன்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1939-45 ஸ்டாரோட ரிப்பன்ல கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் மூணும் சரிசமமா இருக்கும். கடற்படை, தரைப்படை, விமானப்படை. பர்மா ஸ்டார்ல நடுவுல அகலமா சிவப்பு, ரெண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள்ள ஆரஞ்சு. அந்த ஆரஞ்சு சூரியனுக்காம்.

நாலாவதுதான் விசேஷம். இந்திய சுதந்திர மெடல். 1947 ஆகஸ்ட் 15 அன்னைக்குப் பணியில இருந்தவங்களுக்குக் கொடுத்தது. காவி, வெள்ளை, பச்சை ரிப்பன். ஒரு பக்கம் அசோகர் சிங்கம். திருப்பினா அசோகச் சக்கரம், அந்தச் சக்கரத்துக்கு மேலயே பிரிட்டிஷ் கிரீடம், சுத்தி ராஜாவோட பேர் லத்தீன்ல! சுதந்திரம் வந்தாச்சு, குடியரசு இன்னும் ஆகலை, சட்டப்படி ராஜா இன்னும் இருக்கார். அந்த நடுவாந்தரக் காலம் முழுசும் ஒரு உலோக வட்டத்துல இருக்கு. சின்ன வயசுல நான் இதைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருப்பேன்.

"வெள்ளைக்காரன் குடுத்த மெடலை எதுக்கு மாட்டணும்"னு குரூப்ல இன்னொரு சொந்தக்காரர் கேட்டார். கேக்கலாம், நியாயமான கேள்விதான். காந்திகிட்டயும் வெள்ளைக்காரன் கொடுத்த மெடல் இருந்துச்சு. தென்னாப்பிரிக்காவுல போயர் போர்லயும் ஜூலு கலவரத்துலயும் ஆம்புலன்ஸ் படை சேர்த்துக் காயம்பட்டவங்களைத் தூக்கினதுக்காக ரெண்டு. 1915-ல கொடுத்த கெய்ஸர்-ஐ-ஹிந்த் தங்க மெடல் ஒண்ணு. மூணையும் 1920 ஆகஸ்ட்ல வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார், காரணத்தை விவரமா எழுதி. (அதே கெய்ஸர்-ஐ-ஹிந்த்தைத்தான் எங்க வேலூர் சி.எம்.சி.யை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடருக்கும் கொடுத்தாங்க.) திருப்பிக் கொடுக்கற உரிமை வாங்கினவருக்கு இருக்கு. எங்க தாத்தா திருப்பிக் கொடுக்கலை. அவர் வச்சிருந்ததை நாம எடுத்து ஒளிச்சு வைக்க வேண்டியதில்லைங்கறது என் கட்சி.

இதுல இன்னொண்ணும் இருக்கு. தாத்தா வீட்டுக்கு எதிர்வீட்ல ஒரு பெரியவர் இருந்தார். மலேயாவுல ரப்பர் தோட்டத்துல வேலை பார்த்து, நேதாஜி கூப்பிட்டப்போ ஐ.என்.ஏ.ல சேர்ந்து, அதே பர்மாவுக்கு எதிர்ப்பக்கத்துல இருந்து வந்தவர். 1972-ல சுதந்திர வெள்ளிவிழாவுக்கு இந்திரா காந்தி தியாகிகளுக்கெல்லாம் தாமிரப் பத்திரம் கொடுத்தாங்களே, அவர் வீட்டு நடுக்கூடத்துல அது தொங்கும். தாத்தா வீட்ல பர்மா ஸ்டார். ரெண்டு பேரும் காலைல எங்க திண்ணைல உக்காந்து ஒரே தினத்தந்தியை ரெண்டாப் பிரிச்சுப் படிப்பாங்க. பர்மாவைப் பத்திப் பேச்சு வந்தா மழையைப் பத்தி மட்டும்தான் பேசுவாங்க. என்னா மழை, என்னா அட்டை, எவ்ளோ மலேரியா. அந்த விஷயத்துல ரெண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

பெரிய மாமாவுக்கு வர்றேன்.

அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட். வெலிங்டன்ல பயிற்சி. டப்பாவுல அவரோடதுதான் எண்ணிக்கையில அதிகம். சைன்ய சேவா மெடல், ஒம்பது வருஷ சர்வீஸ் மெடல், இருபது வருஷ சர்வீஸ் மெடல், அப்படியே வரிசையா. ஒண்ணு மட்டும் தனியா ஒரு பிரவுன் கவர்ல இருக்கும். "இலங்கை"ன்னு பட்டை போட்டது.

1987-ல இருந்து 1990 வரைக்கும் ஐ.பி.கே.எஃப்., அதாவது இந்திய அமைதிப்படை, அங்கே இருந்துச்சு. தமிழ் பேசுற ஆளுங்க தமிழ் பேசுற ஊருக்குள்ள துப்பாக்கியோட நடந்த காலம். இந்தியப் பக்கம் மட்டும் ஆயிரத்துக்கும் மேல செத்துப்போனாங்க. அந்தப் படைக்குக் கிடைச்ச ஒரே பரம்வீர் சக்ராவும் ஒரு தமிழருக்குத்தான் போச்சு, மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர்ல யாழ்ப்பாணத்துப் பக்கம் உயிர் விட்டவர். அந்த ஊர் ஜனங்க பட்ட பாட்டுக்கோ கணக்கே இல்லை. 1990 மார்ச்ல படை திரும்பிச் சென்னைக்கு வந்தப்போ, முதலமைச்சரா இருந்த கருணாநிதி வரவேற்கப் போகலை. அது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் விவாதம் ஓடுது. எங்க வீட்லயும் ஓடும், பெரிய மாமா இல்லாதப்போ. அவர் இருக்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டோம். அந்தக் கவரை அவரும் திறக்க மாட்டார், தூக்கியும் எறிய மாட்டார்.

ஃப்ரேம்ல அதை வைக்கணுமா வேணாமான்னு கேட்டா, எனக்கு ஒரே பதில்தான். அவர்கிட்ட கேளுங்க. அவர் வேணாம்னா வேணாம். அந்த இடம் காலியா இருந்தாலும் பரவாயில்லை.

இதுக்கு நடுவுல ஒரு சின்னப் புதிர் வந்துச்சு. டப்பாவுல அச்சு அசல் ஒரே மாதிரி ரெண்டு மெடல். சுதந்திரப் பொன்விழா மெடல். 1997 ஆகஸ்ட் 15 அன்னைக்குப் பணியில இருந்த ராணுவத்துக்கும் கொடுத்தாங்க, போலீசுக்கும் கொடுத்தாங்க. ஒண்ணு பெரிய மாமாவோடது, ஒண்ணு சின்ன மாமாவோடது. எது யாரோடது? ரெண்டு பேரும் "எது வேணா எடுத்துக்கோ"ன்னுட்டாங்க. எனக்கு மனசு கேக்கலை. மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போய் வெயில்ல விளிம்பைப் பாத்தேன். ஒண்ணோட விளிம்புல பொடிப்பொடியா நம்பர், ரேங்க், பேர் எல்லாம் குத்தியிருக்கு. ராணுவத்துல அப்படித்தான் விளிம்புல குத்திக் கொடுப்பாங்க. இன்னொண்ணோட விளிம்பு வெறுமனே இருந்துச்சு. முடிஞ்சது பிரச்சினை.

(இதுக்காகவே சொல்றேன், தயவுசெஞ்சு யாரும் பிராஸோ போட்டுத் தேய்க்காதீங்க! கிரகப்பிரவேசத்துக்குப் பளபளன்னு இருக்கணும்னு எங்க வீட்லயும் ஒரு பேச்சு வந்துச்சு. தேய்க்கத் தேய்க்க மேல இருக்குற உருவம் மழுங்கும், விளிம்புல இருக்குற பேரும் மெதுவாப் போயிடும். பேர் போயிட்டா அது யாரோட மெடல்? காஞ்ச மெத்துன்னு துணியால தூசி தட்டுங்க, போதும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீங்க, ரப்பர் பட்டா வெள்ளி கறுத்துடும். ஃப்ரேமை நேரா வெயில் படுற சுவர்ல மாட்டாதீங்க, ரிப்பன் வெளுத்துப்போகும். ஃபெவிகால் வச்சு ஒட்டறேன்னு ஃப்ரேம் போடுறவர் சொன்னா அங்கேயே நிறுத்துங்க. நூலால கட்டலாம், பின்பக்கம் கம்பி விட்டுக் கட்டலாம். விளிம்பைப் பாக்கணும்னா என்னைக்கு வேணா கழட்ட முடியணும்.)

இப்போ சின்ன மாமா. இதைத்தான் விவரமா சொல்லணும்.

அவர் போலீஸ். 1980 ஆகஸ்ட் 6-ல திருப்பத்தூர்ல இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் கூட இருந்த காவலர்களும் நக்சலைட் குண்டுவெடிப்புல செத்துப்போனாங்க. அப்போ அது எங்க வட ஆற்காடு மாவட்டம்தான். அந்தச் சேதி ஊரையே உலுக்கினப்போ மாமா பள்ளிக்கூடப் பையன். அன்னைக்கே போலீஸ்ல சேரணும்னு முடிவு பண்ணிட்டாராம். சேர்ந்து சில வருஷத்துல அதிரடிப்படைக்குப் போனார். வீரப்பனைத் தேடின அதே அதிரடிப்படை. பர்கூர் மலை, சத்தியமங்கலம்னு காட்டுலயே கிடந்தார். 1993 ஏப்ரல்ல வீரப்பன் கும்பலோட பாலாறு வெடிகுண்டுச் சம்பவம் நடந்தப்போ எங்க பாட்டி அவர் குரலைக் கேக்குற வரைக்கும் தண்ணிகூடக் குடிக்கலை.

அதுக்கு அப்புறம் கொஞ்ச காலத்துல என் தம்பிக்குக் காதுகுத்து. ரெண்டு தாய்மாமன் இருந்தும் ஒருத்தரும் வரலை. பெரிய மாமா காஷ்மீர்ல, அவருக்கு லீவு இல்லைன்னு முன்னாடியே தெரியும். சின்ன மாமா கண்டிப்பா வர்றேன்னு சொல்லியிருந்தார். காலைல பந்தல்ல உறவு மொத்தமும் உக்காந்திருக்கு, தாய்மாமன் மடி காலி. நேரம் தப்புதுன்னு கடைசில ஒண்ணுவிட்ட மாமா ஒருத்தர் மடியில வச்சுக் குத்தினாங்க. அப்பா வீட்டுப் பக்கம் கேக்கணுமா? "ரெண்டு மாமன், ஒரு மடிக்கு வழியில்லை"ன்னு பல வருஷம் பேசினாங்க. பாட்டிக்கு அது கடைசி வரைக்கும் ஆறாத வடு. மாமா அப்புறமா வந்து, லீவு தரலைன்னு ஒரு வரி சொன்னார், தோடு வாங்கிக் கொடுத்தார், போயிட்டார்.

அதுக்கப்புறம் சில வருஷம் கழிச்சுத்தான் மெடல் அறிவிப்பு வந்துச்சு. வீரத்துக்கான காவல் பதக்கம். பேப்பர்ல பேர் வந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியத்துல வாங்கிட்டு வந்தார். எதுக்குன்னு கேட்டா, "காட்டுல ஒரு சம்பவம்" அவ்ளோதான். அம்மா கேட்டாங்க, நாங்க கேட்டோம், அத்தை கேட்டாங்க. அதே பதில்தான் எல்லாருக்கும்.

ஃப்ரேம்ல மெடலுக்குக் கீழே ஒரு வரி எழுதணும் இல்லையா? அதுக்காகத்தான் நான் தேட ஆரம்பிச்சேன்.

வீரப் பதக்கம் வாங்கினவங்க வீட்ல இருக்குறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க. ஒவ்வொரு வீரப் பதக்கமும் இந்திய அரசிதழ்ல வெளியாகும். பகுதி 1, பிரிவு 1. குடியரசுத் தலைவர் செயலகத்தோட அறிவிப்பு அது, நம்பருக்குப் பக்கத்துல "பிரஸ்"னு போட்டு வருஷம் இருக்கும். பேப்பர்ல பேர் வந்த தேதியில அது இருக்காது, பல மாசம் தள்ளித்தான் அச்சாகும். பழைய அரசிதழ் எல்லாம் ஸ்கேன் பண்ணி அரசோட இ-கெஜட் தளத்துல போட்டிருக்காங்க. எழுத்து மங்கலா இருக்கும், பேரைத் தட்டித் தேடினா கிடைக்காது, பக்கம் பக்கமாத் தள்ளித்தான் பாக்கணும். பொறுமை வேணும். (போலீஸ் மெடல்களோட பேரெல்லாம் 2024-ல மாத்திட்டாங்க, பதினாறு வகையை நாலாச் சுருக்கிட்டாங்க. பழசைத் தேடும்போது பழைய பேர்லதான் தேடணும்.)

கிடைச்சுது.

மொதல்ல பேர், பதவி. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு ஒரு பத்தி. விடியுறதுக்கு முன்னாடி ஒரு குழு மேல ஏறினது, எதிர்ப்பக்கம் இருந்து சுட்டது, முன்னால போன காவலர் விழுந்தது. அப்புறம் மாமா பேர் வருது. தவழ்ந்து போய், சுட்டுக்கிட்டே, விழுந்தவரை இழுத்துட்டுப் பாறைக்குப் பின்னாடி வந்திருக்கார். தோள்ல குண்டு உரசியிருக்கு. (அந்தத் தழும்பு எங்களுக்குத் தெரியும். முள்ளு கிழிச்சதுன்னு சொல்லி வச்சிருந்தார்.) அரசாங்கத் தமிழ் மாதிரியே அரசாங்க இங்கிலீஷும் வறண்டுதான் இருக்கும், ஆனா அந்தப் பத்தியைப் படிக்கிறப்போ எனக்குக் கை நடுங்கிடுச்சு.

எல்லாத்துக்கும் கடைசில வழக்கமா ஒரு வாக்கியம் வரும். விதி 4-ன் கீழ் வீரத்துக்காக இந்தப் பதக்கம், விதி 5-ன் கீழ் சிறப்பு அலவன்ஸ், இன்ன தேதியில இருந்து. அந்த அலவன்ஸ் தேதின்னா என்ன தெரியுமா? சம்பவம் நடந்த தேதி. மெடல் அறிவிச்ச தேதி இல்லை.

நான் அதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். அம்மா எழுந்து போய் பீரோவுல இருந்து ஒரு பழைய பத்திரிகையை எடுத்துட்டு வந்தாங்க. தம்பி காதுகுத்துப் பத்திரிகை. தேதியைப் பக்கத்துல வச்சுப் பாத்தா, மாமா குண்டுக்கு நடுவுல தவழ்ந்தது அதுக்கு முந்தின நாள் விடியக்காலை.

அம்மா உடனே போனைப் போட்டு மாமாவைத் திட்டின திட்டு இருக்கே! "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா? அம்மா சாகற வரைக்கும் உன்மேல வருத்தத்தோடயே போனாங்களேடா." மாமா சொன்னார், "சொல்லியிருந்தா அம்மா என்னைத் திரும்பக் காட்டுக்கு விட்டிருக்குமாக்கா?" அம்மாவுக்குப் பதில் இல்லை. ஒரு அழுகை, ஒரு சிரிப்பு, திரும்பவும் ஒரு திட்டு.

அப்புறம் மாமா என்கிட்ட போனைக் கொடுக்கச் சொன்னார். "பாப்பா, அதுல அவன் பேர் போட்டிருக்கா?" இழுத்துட்டு வந்தாரே, அந்தக் காவலர் பேர். போட்டிருக்கு மாமான்னேன். படிக்கச் சொன்னார். படிச்சேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். அந்தக் காவலர் இப்போ ஈரோட்டுப் பக்கம் ரிட்டையர் ஆகி இருக்கார். அன்னைக்குச் சாயங்காலமே மாமா அவருக்குப் போன் பண்ணி, "அரசாங்கப் புத்தகத்துல உன் பேர் இருக்குய்யா"ன்னு சொல்லிட்டாராம். அவருக்கு அனுப்ப ஒரு ஜெராக்ஸ் என்கிட்ட கேட்டிருக்கார். லேமினேட் பண்ணி அனுப்பப் போறேன்.

(அந்த அலவன்ஸ் பத்தி ஒண்ணு. மெடல் வாங்கினவர் காலத்துக்கு அப்புறம் அது மனைவிக்குத் தொடரும். பல வீட்ல இது தெரியாம விட்டுடறாங்க. எங்க ஊர்லயே ஒரு அம்மா பல வருஷம் வாங்காம இருந்து, அப்புறம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு வாங்கினாங்க. கேட்டு வாங்குங்க, அது உங்க பணம்.)

இப்போ பெரியம்மா.

1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பெரியம்மா அப்போ வேலூர்ல ஆரம்பப் பள்ளி டீச்சர். பிப்ரவரி 9-ல ஆரம்பிச்சு 28 வரைக்கும் வீடு வீடாப் போகணும். பள்ளிக்கூட வேலையும் பாக்கணும், இதையும் பாக்கணும். வீட்டுக்கு ஒரு படிவம், ஆளுக்கு ஒரு சீட்டு. அவங்களுக்கு ஒதுக்கினதுல பாலாத்தங்கரை ஓரக் குடிசைகள் எல்லாம் வந்துச்சு. வீட்டு நம்பர் கிடையாது, தெருவுக்குப் பேர் கிடையாது.

பொம்பளைங்ககிட்ட வீட்டுக்காரர் பேர் கேட்டா வாயைத் திறக்க மாட்டாங்களாம். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது இல்லையா? "மலை மேல இருக்குற சாமி பேரு டீச்சர்." முருகனா? இல்லையாம். வெங்கடேசனா? ஒரு சிரிப்பு. எழுதிக்கோங்கன்னு அர்த்தம். இப்படி ஒவ்வொரு குடிசை வாசல்லயும் விடுகதை போட்டு விடை கண்டுபிடிச்சிருக்காங்க. வயசு கேட்டா புயல் அடிச்ச வருஷம், பஞ்சம் வந்த வருஷம்னு சொல்லுவாங்க, அதைக் கணக்குப் போட்டு எழுதணும். கைக்குழந்தையைச் சொல்லாம விட்டுடுவாங்க. "அது இன்னும் ஆளாவா ஆச்சு?"ன்னு கேட்ட தாய்கிட்ட, "ஆச்சும்மா, அதுவும் இந்தியாவுல ஒரு ஆளுதான்"னு சொல்லி ஒரு சீட்டு எழுதினாங்களாம் பெரியம்மா.

பிப்ரவரி 28 ராத்திரி வீடில்லாதவங்களைக் கணக்கெடுக்கணும். மார்ச் 1 சூரிய உதயம்தான் கணக்குக்கான நேரம். பஸ் ஸ்டாண்ட், ஸ்டேஷன், கோயில் வாசல், கடைத் திண்ணைன்னு படுத்திருக்குறவங்களை எல்லாம் எழுப்பிக் கேக்கணும். பொம்பளை டீச்சர், ராத்திரி முழுக்க, கையில ஒரு டார்ச். பெரியப்பா சைக்கிளைத் தள்ளிக்கிட்டே கூடப் போயிருக்கார். போலீஸ்காரன்னு நினைச்சு எழுந்து ஓடினவங்களும் உண்டு. ஓடினவங்களையும் விடலை, பின்னாடியே போய், உக்கார வச்சு, பீடி வாங்கிக் கொடுத்துப் பேர் எழுதியிருக்காங்க.

அதுக்கப்புறம் மார்ச் 1-ல இருந்து 5 வரைக்கும் திரும்ப எல்லா வீட்டுக்கும் ஒரு தடவை போகணும். முன்னாடி எழுதினதுக்கு அப்புறம், மார்ச் 1 விடியறதுக்குள்ள யாராவது பிறந்திருந்தா சேர்க்கணும். யாராவது இறந்திருந்தா எடுக்கணும். அந்தக் கைக்குழந்தை இருந்த குடிசைக்குப் போனப்போ குழந்தை இல்லை. காய்ச்சல். பெரியம்மா அந்தச் சீட்டை அடிச்சுட்டு வந்தாங்க. இதை என்கிட்ட ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்காங்க. "விதிப்படி அடிச்சேன்டி. ஆனா எழுதினதும் விதிப்படிதான், அதுவும் சரியாத்தான் இருந்துச்சு."

அந்த வருஷம் தமிழ்நாட்டு ஜனத்தொகை 4 கோடியே 84 லட்சம்னு சொல்றாங்க. அந்த எண்ணுக்குப் பின்னாடி இப்படி எத்தனை டீச்சருங்க ராத்திரி டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நடந்திருப்பாங்க! நல்லா வேலை செஞ்சவங்களுக்கு வெள்ளி, வெண்கல மெடல் கொடுத்தாங்க. பெரியம்மாவுக்குக் கிடைச்சது வெண்கலம். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு எதுக்கும் அந்தக் கணக்குதான் அடிப்படை. கணக்குல வராத ஆளுக்கு ஒண்ணும் வராது. ஆத்தங்கரை ஜனங்க கணக்குல வந்தாங்கன்னா அது பெரியம்மாவால.

இதை எல்லாம் பெரிய மாமா பையனுக்கு எழுதி அனுப்பினேன். குரூப்ல இல்லை, தனியா. அரசிதழ்ப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன். அவன் ராத்திரி போன் பண்ணினான். பெரியம்மா கதை அவனுக்குச் சுத்தமாத் தெரியாது. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, அவ்ளோதான் வித்தியாசம். ரொம்ப நேரம் பேசினோம். தப்பு அவனோடது இல்லை. வீட்ல எல்லாரும் எப்பவும் துப்பாக்கிக் கதையை மட்டுமே சொல்லிட்டு இருந்தா, அவனுக்கு வேற எது முக்கியம்னு தோணும்?

இப்போ ஏற்பாடு இதுதான். ஒரே ஃப்ரேம், பெருசு சின்னது பேதம் இல்லாம ஒரே வரிசை, வயசுப்படி. தாத்தாவுக்கு அப்புறம் பெரியம்மா, அப்புறம்தான் ரெண்டு மாமாவும். நடுவுல யாருடைய மெடலையும் தூக்கி வைக்கலை. (சின்ன மாமாதான் இதைக் கண்டிப்பாச் சொன்னவர். "எங்க அக்காவுக்கு மேல நானா?"ன்னு கேட்டார்.) ஒவ்வொண்ணுக்கும் கீழே யாரு, எப்போ, எங்கே, எதுக்குன்னு தமிழ்ல நாலு வரி. ஃப்ரேமுக்குப் பின்பக்கம் ஒரு உறை. அதுல அரசிதழ் ஜெராக்ஸ், தாத்தாவோட டிஸ்சார்ஜ் புக் ஜெராக்ஸ், பெரியம்மா சொன்னதை நான் எழுதி அவங்க கையெழுத்துப் போட்ட ரெண்டு பக்கம்.

பெரிய மாமாகிட்ட அந்த பிரவுன் கவரைப் பத்தி அவர் பையன் கேட்டான். யோசிச்சுச் சொல்றேன்னிருக்கார்.

உங்க வீட்லயும் இப்படி ஒரு டப்பா இருந்தா, இந்தப் பொங்கலுக்கு பரண் சுத்தம் பண்றப்போ எடுத்து வெளிச்சத்துல பாருங்க. விளிம்புல நம்பர் இருந்தா அதை மொதல்ல ஒரு நோட்டுல எழுதுங்க. நம்பர், பேர், ரெஜிமென்ட் மூணும் இருந்தா அந்த ரெஜிமென்டோட ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குக் கடிதம் எழுதலாம். மெட்ராஸ் சேப்பர்ஸ்னா பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன். நான் தாத்தாவுக்காக எழுதிப் போட்டிருக்கேன். எந்தக் கம்பெனியில இருந்தார், எந்தெந்த ஆத்துல பாலம் கட்டினார்னு கேட்டிருக்கேன். பதில் வந்ததும் அந்த உறைக்குள்ள அதுவும் போகும்.

சென்சஸ் மெடல் வாங்கின டீச்சர், வி.ஏ.ஓ., குமாஸ்தா யாராவது உங்க வீட்ல இருந்தா எனக்கு எழுதுங்க. எந்த வருஷம், எந்த ஊர், அந்த 28-ம் தேதி ராத்திரி எங்கெல்லாம் போனாங்கன்னு கேட்டு எழுதுங்க. பெரியம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்.